மெஷின் மூடியைத் திறந்தது யார்?

மருமகள் குஞ்சு திருடுகிறாள் என்ற சந்தேகம் மாமனாருக்கு மெஷின் கண்ணாடியைப் பார்த்ததும்தான் வந்தது.

முட்டை பொரிக்கிற சமயத்தில் இன்குபேட்டர் கண்ணாடி உள்பக்கம் வியர்த்துக் கிடக்க வேண்டும். காய்ந்து கிடந்தது. யாரோ மூடியைத் திறந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் அவருடைய பீரோவைக்கூட யாரும் திறக்கலாம். அந்த மூடியை மட்டும் அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது.

நேராக மகனிடம் போனார். அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

"உன் பொண்டாட்டி என் மெஷின்ல கை வைக்கிறா."

"அவ எதுக்குப்பா வைக்கப் போறா?"

"அவ தம்பி கோழி வளர்க்கிறான் இல்ல? என் குஞ்சு அங்க போகுது."

"போன தடவை குஞ்சு குறைஞ்சுதா?"

"குறையல. வச்ச முட்டைக்குச் சரியா இருந்துது. அதான்டா இடிக்குது."

"குறையலன்னா அப்புறம் என்னப்பா திருட்டு?"

"ஏதோ ஒரு முட்டையில ரெட்டைக் குஞ்சு இருந்திருக்கும். கூடுதலா வந்ததை அமுக்கிட்டா."

மகனுக்கு இருமல் வந்தது. இருமி முடிக்க வெகுநேரம் பிடித்தது.

தெருவில் மாமனாருக்கு 'சென்டம்' என்று பெயர். வைத்த முட்டை அத்தனையும் பொரிக்கும். ஒன்றுகூட வீணானதில்லை. சில முட்டைகள் பொரிக்காமல் போகலாம் என்று மெஷின் விற்றவன் சொல்லித்தான் கொடுத்தான். அதெல்லாம் கைராசி இல்லாதவர்களுக்குச் சொன்னது என்பது இவர் கட்சி.

பொரித்த குஞ்சுகளைப் புரூடருக்கு மாற்றுவதும் அவர்தான். புரூடர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, உள்ளே பல்பு எரிகிற அட்டைப்பெட்டி. ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் குடிக்கப் பழக்குவார். ஒவ்வொரு தடவையும் சில குஞ்சுகள் மட்டும் இவருக்காகக் காத்திருக்காமல் தாமாகவே தண்ணீருக்குப் போய்விடும்.

"பொறக்கும்போதே என்ன விவரம் பாருங்க. எல்லாம் என் கைராசி," என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்.

ஒரு காலத்தில் செருப்புக் கடை வைத்திருந்தவர். ரோட்டை அகலப்படுத்தியதில் கடை போயிற்று. வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பாடு இறங்கவில்லை, பேச்சும் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். அதைக் கேட்டுத்தான் வீட்டில் அதிகமாகப் பயந்தார்கள். மகன் எங்கெங்கோ அலைந்து இந்த மெஷினை வாங்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். முட்டையைத் திருப்பிவிட எழுந்தவர், அப்புறம் பகலில் படுக்கவே இல்லை.

மறுநாள் காலை, "பால் வாங்கப் போறேன்," என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பினார். பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். தும்மல் வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினார்.

மருமகள் துணிப்பையோடு வந்தாள். ஜன்னல் வழியாகத் தெருவை ஒரு பார்வை பார்த்தாள். மூடியைத் தூக்கி எதையோ எடுத்துப் பையில் போட்டாள். மறுபடி உள்ளே கையை விட்டாள்.

"அப்படியே நில்லும்மா."

நின்றாள். அவள் கையில் மஞ்சள் குஞ்சு ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"எடுத்ததை உள்ள வை."

"வைக்கத்தான் மாமா வந்தேன்."

"பேச்சு வேறயா? பையைக் காட்டு."

காட்டினாள். ஒரு பழைய பனியன் மேல் இன்னும் இரண்டு குஞ்சுகள் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் மூன்று முட்டைகள். அவரே பென்சிலால் குறி போட்டு வைத்த முட்டைகள்தான். ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். களக் என்றது. கூமுட்டை.

"இந்தக் குஞ்சுங்க ஏது?"

"பஸ் ஸ்டாப் பக்கத்துப் பண்ணையில வாங்கினது. எந்த முட்டை தேறாதுன்னு நேத்துத் திறந்து பார்த்து வச்சிருந்தேன்."

அவர் குஞ்சை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நேற்றுப் பொரித்த குஞ்சு இல்லை. இறக்கை ஓரத்தில் இறகு முளைக்கத் தொடங்கியிருந்தது. தண்ணீருக்குத் தாமாகப் போன விவரமான குஞ்சுகளெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"முதல் தடவையிலேருந்தே மாமா. அப்ப பாதிக்கு மேல கூமுட்டை. நீங்க அப்பதான் எழுந்து ரெண்டு வாய் சாப்பிட ஆரம்பிச்சிருந்தீங்க. மறுபடி போய்ப் படுத்துடுவீங்களோன்னு எனக்குப் பயமா இருந்துது."

அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் உன்னைத் திருடின்னு உன் புருஷன்கிட்டச் சொல்லிட்டேன்மா."

"சொன்னார் மாமா. ரெட்டைக் குஞ்சுன்னு சொன்னீங்களாமே," என்று சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அவர் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் புரூடருக்கு மாற்றினார். எல்லாவற்றின் அலகையும் தண்ணீரில் முக்கி விட்டார். பண்ணைக் குஞ்சுகளையும் சேர்த்துத்தான்.

மகன் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்து நின்றான். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சென்டம், இந்தத் தடவையும் நூத்துக்கு நூறா?"

மாமனார் பையிலிருந்த முட்டைகளை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"இல்லைங்க. மூணு கூமுட்டை."

மருமகள் மகனைப் பார்த்தாள். மகன் கட்டிலைப் பார்த்தான்.

"அங்க என்னடா பார்வை? நான் ஒண்ணும் படுக்கல," என்றார் மாமனார். "டிபன் எடுத்து வைம்மா. பசிக்குது."