அம்புக்குறி படித்த செய்தி

தேநீர் குடித்துவிட்டு அவள் இருக்கைக்குத் திரும்பியபோது திரையில் ஒரு வரி சிவப்பாக இருந்தது.

மற்றவை எல்லாம் பச்சை.

மவுஸைத் தொடவில்லை. சோதனை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைகளில் பில் போடுவதற்கான மென்பொருள். அம்புக்குறி தானாக நகர்ந்து, கட்டங்களை நிரப்பி, பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தது. அவள் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட்டின்படி.

அது ஓடும்போது யாரும் கை வைக்கக் கூடாது. கணினியில் வேறு எதுவும் திறந்திருக்கக் கூடாது.

வாட்ஸப் திறந்திருந்தது.

கைப்பேசி, திரை உடைந்து, கடையில் கிடந்தது. ஒரு நாள்தானே, கணினியில் வேண்டாம் என்று காலையில் நினைத்தாள். நினைத்ததோடு சரி.

மகள் தன் அப்பாவோடு புனேவுக்குப் போனதிலிருந்து இப்படித்தான். குளிக்கும்போதுகூடக் கைப்பேசி வாளிக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஒரு செய்தியும் வந்ததில்லை.

ஓட்டம் முடிந்ததும் சிவப்பு வரியைத் திறந்தாள்.

சோதனை தவறுகிற நொடியில் திரை படமாகப் பதிவாகிவிடும். எங்கே தடுக்கியது என்று பிறகு பார்ப்பதற்கு.

படத்தில் பில் இல்லை.

மகளின் பெயர் இருந்தது. தாரிணி. அதன் கீழே ஒரே வரி.

'அம்மா, சின்ன வயசுல எனக்கு அம்மை வந்திருக்கா?'

அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். மெதுவாக. பிறகு இன்னொரு முறை.

'சேமி' பொத்தான் திரையின் வலது கீழ் மூலையில் இருக்கிறது. செய்தி வந்தால் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான். சேமிக்கப் போன அம்புக்குறி, எட்டிப் பார்த்த செய்தியை அழுத்தியிருக்கிறது. செய்தி திறந்துகொண்டது. படம் எடுத்தாயிற்று. அம்புக்குறி அடுத்த பில்லுக்குப் போய்விட்டது.

வாட்ஸப்பில் போய்ப் பார்த்தாள்.

'இந்தச் செய்தி நீக்கப்பட்டது.'

மகளின் கைப்பேசியில் நீலக் குறி விழுந்திருக்கும். அம்மா படித்துவிட்டாள் என்று தெரிந்திருக்கும். அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ.

பிறகுதான் அழித்திருப்பாள்.

புனேவுக்குக் கிளம்புகிற அன்று, செருப்பை மாட்டிக்கொண்டே, குனிந்தபடி தாரிணி சொன்னாள்.

"நான் என்ன பேசினாலும் நீ கல்லு மாதிரி பாத்துட்டே இருப்பம்மா."

அதற்கும் இவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அது ஒரு கோடை. தாரிணிக்கு ஆறு வயதிருக்கும். தெருவில் வீட்டுக்கு வீடு அம்மை. அந்தக் கோடை முழுக்கக் குழந்தையை வாசல் தாண்ட விடவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவள் காது கேட்காதவள் போலத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் கதவைத் திறந்துவிடுவோம் என்று பயம்.

அவள் அப்பா அப்போது வெளியூரில் வேலையில் இருந்தார். இதெல்லாம் அவருக்குத் தெரியாது.

வேறு யாரிடமும் கேட்க முடியாத கேள்வி.

'நான் படிக்கல, மிஷின் படிச்சிடுச்சு' என்று அடித்தாள்.

அழித்தாள். யார் நம்புவார்கள்.

'நான்தான் வரவிடல' என்று அடித்தாள்.

அதையும் அழித்தாள்.

கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்.

'வந்ததில்ல கண்ணு. உனக்கா உடம்பு சரியில்ல, அப்பாவுக்கா?'

ஒற்றைக் குறி. சாம்பல் நிறம். இன்னும் போய்ச் சேரவில்லை.

குழுவின் லீட் ரூபன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். அவளைவிட மிகவும் சின்னவன். சிவப்பு வரியைப் பார்த்துவிட்டு, வாட்ஸப்பை மூடிவிட்டு முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிவிடச் சொன்னான். மாலைக்குள் முடிவு போயாக வேண்டும்.

மூட வேண்டாம், எல்லாவற்றையும் கையாலேயே சோதித்துவிடுகிறேன் என்றாள்.

அத்தனை பில்லையுமா என்று கேட்டான். ஆமாம் என்றாள்.

"அப்புறம் எதுக்குக்கா உக்காந்து அந்த ஸ்கிரிப்ட்டை எழுதினீங்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும், சரிக்கா, மெதுவா பண்ணுங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மவுஸைப் பிடித்தாள்.

புதிய பில்.

பெயர் என்ற கட்டத்தில், சோதனை ஒன்று என்று அடித்தாள்.

மருந்து என்ற கட்டத்தில் இருமல் சிரப் என்று அடிக்க வேண்டும். அடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அம்மை அரிப்புக்குத் தடவுகிற காலமைன் லோஷன் அங்கே இருந்தது.

அழிக்கவில்லை.

எத்தனை பாட்டில் என்று திரை கேட்டது.

கொஞ்சம் யோசித்து, இரண்டு என்று போட்டாள்.