அழுத்தாத பொத்தான்

கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். காலையிலிருந்து நெட் இல்லை. மகள் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டு, பள்ளித் தேர்வுக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "நெட் வந்ததும் 'அனுப்பு'ன்னு இருக்கறத மட்டும் அழுத்திடும்மா. மறந்துடாத."

சற்று நேரத்தில் நெட் வந்தது. அம்மா அழுத்தவில்லை. கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். கல்லூரியோ ஒரு நாள் ரயில் பயணம். கெடு முடியும்வரை கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். மகள் வந்து கேட்டபோது, "அனுப்பிட்டேன்டி" என்றாள். அதன் பிறகு பல நாள் அவளால் மகளின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

ஆனாலும் இடம் கிடைத்தது. மகள் துள்ளிக் குதித்தாள். எப்படி என்று அம்மாவுக்குப் புரியவில்லை; யாரிடமும் கேட்கவும் வாயில்லை. பெட்டி கட்டிக் கொடுத்து, ரயிலேற்றி, கையசைத்துவிட்டு வீடு திரும்பினாள்.

உள்ளே, பள்ளிச் சீருடையில், மகள் மேசையருகே உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா போயிட்ட? காலேஜ்லருந்து ஏதாவது வந்துச்சா?"

அம்மா கையிலிருந்த பிளாட்பார டிக்கெட்டை மடக்கி மறைத்துக்கொண்டாள். "இன்னும் வரலடி."

மறுநாள் போன் அடித்தது. "ஹாஸ்டலுக்கு வந்துட்டேம்மா. ரூம் நல்லாருக்கு. நீ அங்க தனியா இருக்கியேன்னுதான் கவலையா இருக்கு."

மேசையருகே இருந்தவள் நிமிர்ந்தாள். "காலேஜாம்மா?"

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "ராங் நம்பர்டி."

போனுக்குள்ளும் மேசையருகிலும் மகள் காத்திருந்தாள்.