விரிசல் இல்ல, வளைசல் இல்ல

“ரேடியேட்டர் குழாய். விரிசல் இல்ல, வளைசல் இல்ல, உடைசல் இல்ல. கசிவும் இல்ல.”

பதினெட்டுச் சக்கர டிரக்கின் முன்மூடி திறந்து கிடந்தது. ஆர்லீன் ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டி ஒப்பித்துக்கொண்டு வந்தாள். அட்டையும் பேனாவுமாகப் பின்னாலேயே நடந்தார் லாய்ட்.

அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் அந்தப் பக்கத்தில், டிரக் லைசென்ஸுக்கு டெஸ்ட் வைப்பவர் லாய்ட் என்றாலே பாதிப் பேர் தேதியை மாற்றிக்கொள்வார்கள். காலையில் அவள் வந்தபோது மனிதர் டிரக்குக்கு அடியிலிருந்து முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “பென்சில் உருண்டு போச்சு” என்று ஒரு கறுப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாரே தவிர, ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஓட்டுவதற்கு முன் வண்டியைச் சோதித்துச் சொல்ல வேண்டும். அதில் தவறினால் ஸ்டியரிங்கையே தொட முடியாது. ஆர்லீன் இதற்கு முன் இரண்டு தடவையும் நூறு பாகங்களை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தவள். இரண்டு தடவையும் லாய்ட் ஒரே பதிலைத்தான் சொன்னார்: “உங்க வாய் பாஸும்மா. நீங்க ஃபெயில்.” ஏன் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

இன்று மூன்றாவது தடவை. அவளுடைய பழகுநர் பெர்மிட் நாளையோடு காலாவதி. விட்டால் ஏர் பிரேக், டிரெய்லர் என்று எழுத்துத் தேர்வுகளை எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும். மாட்டுத் தீவனக் கம்பெனியோ திங்கட்கிழமைக்கு மேல் அவளுக்காகக் காத்திருக்காது. அந்த வேலையோடு வரும் மருத்துவக் காப்பீட்டை நம்பித்தான், அவள் கணவன் டுவேன் இடுப்பு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டு வீட்டில் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தான்.

முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். இரண்டு முன் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் இரும்புத் தண்டு அங்கேதான் இருக்கிறது.

“டை ராடு. விரிசல் இல்ல, வளைச...”

வாய் முந்திக்கொண்டுவிட்டது. கண் அப்புறம்தான் பார்த்தது. தண்டின் நடுவே, தலைமுடி கனத்தில், கோணல்மாணலாக ஒரு கறுப்புக் கோடு.

நீட்டிய கையை ஆர்லீன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். லாய்டின் பேனா அட்டையின் மேல் அசையாமல் நின்றது.

“ம்? மேல சொல்லுங்க.”

சொல்லிவிடலாம். பாதி சொல்லியும் ஆயிற்று. இன்னும் இரண்டு வார்த்தை, அப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டம், அவ்வளவுதான். அந்தக் கோடு எத்தனை நாளாக இருக்கிறதோ, இன்றைக்கா உடைந்துவிடப் போகிறது?

பெஞ்சில் காப்பிக் கோப்பையோடு வெர்ன் உட்கார்ந்திருந்தான். மூடிப்போன இறைச்சி ஆலையில் அவளோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். அவளுக்கு அடுத்து இதே வண்டியில் அவனுக்கு டெஸ்ட்.

“விரிசல் இருக்கு சார்” என்றாள் ஆர்லீன்.

லாய்ட் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “காலையில மூணு பேர் இதே ராடைக் காட்டி நல்லா இருக்குன்னாங்களே.”

“அவங்க சொன்னது எனக்குத் தெரியாது. எனக்குக் கண்ணுல படுது.”

“யோசிச்சுச் சொல்லும்மா. வண்டி பழுதுன்னா டெஸ்ட் இங்கேயே நின்னுடும். என்கிட்ட வேற வண்டி இல்ல. அடுத்த தேதி அஞ்சு வாரம் கழிச்சுத்தான். உங்க பெர்மிட் எப்ப முடியுது?”

“நாளைக்கு.”

“தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

பெஞ்சிலிருந்து வெர்ன் குரல் கொடுத்தான். “ஏய் ஆர்லீன், ஏதாச்சும் கறையா இருக்கும். பேசாம ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து வீட்டுக்குப் போற வழியைப் பாரு. டுவேனை நினைச்சுப் பாரு.”

டுவேனைத்தான் நினைத்தாள். நெடுஞ்சாலை வேகத்தில் அந்தத் தண்டு முறிந்தால் ஸ்டியரிங் சும்மா சுற்றும். எதிரே வருகிறவன் யார் வீட்டு டுவேனோ?

“நான் இதை ஓட்ட மாட்டேன் சார். வெர்னையும் ஓட்ட விடமாட்டேன். அவன் என்னைத் திட்டினாலும் சரி.”

டிரக்கின் சாவியை எடுத்து லாய்டின் கையில் வைத்தாள். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

“எங்க போறீங்க? இங்க வாங்க.”

திரும்பினாள். முட்டி போட்டு உட்கார்ந்த லாய்ட், பெருவிரலை நாக்கில் தொட்டு, டை ராடின் மேல் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். கோட்டைக் காணோம். அவருடைய பெருவிரல் கறுப்பாக இருந்தது.

எழுந்து, காதிலிருந்த பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாவியை அவளிடம் திரும்ப நீட்டினார்.

“விரிசல் இல்ல, வளைசல் இல்ல, உடைசலும் இல்ல. ஏறி ஓட்டும்மா.”