புது ஊசி

விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி பாய்ந்து தோட்டாவின் அடியில் குத்தும். அங்கே ஒரு சிறு பள்ளம் விழும். கைரேகையைப் போல, ஊசிக்கு ஊசி அந்தப் பள்ளம் மாறும். துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் மைத்துனன் வைத்திருந்த பழைய ரைஃபிளில் ஊசிமுனை உடைந்திருந்ததால் பள்ளம் பிறை வடிவில், சற்று இடப்பக்கம் தள்ளி விழும். மண்டியிட்டுக் கெஞ்சிய பங்காளியை மைத்துனன் அந்த ரைஃபிளால்தான் நெற்றியில் சுட்டிருந்தான். பிணத்தருகே கிடந்த தோட்டாக்கூட்டைப் போலீஸ் எடுத்துப் போயிருந்தது. நாளை ரைஃபிளைச் சோதிக்க வருவார்கள்.

"ஊசிய மாத்திட்டா அதோட ஜாதகமே மாறிடும்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

"உங்கக்கா என் கால்ல விழுந்தா. இல்லன்னா நானே உன்னப் பிடிச்சுக் குடுத்திருப்பேன்."

பழுதுபார்ப்பவர் புது ஊசியைப் பொருத்தி, மணல் மூட்டையில் சுட்டார். கூட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறை, இடப்பக்கம்.

ஊசியைக் கழற்றினார். முனை மழமழவென்று முழுதாக இருந்தது. கடையிலிருந்த புத்தம்புது ரைஃபிளை எடுத்துச் சுட்டார். அதிலும் பிறை.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" மைத்துனன் சிரித்தபடி வெளிச்சத்துக்கு வந்தான்.

அவன் நெற்றியில், சற்று இடப்பக்கம் தள்ளி, ஒரு பிறைப் பள்ளம் இருந்தது. பழுதுபார்ப்பவர் விரலால் தொட்டார். பித்தளையைப் போலச் சில்லிட்டது.

ஊசி குத்தியும் வெடிக்காத தோட்டாவை உடனே நெருங்கக் கூடாது. சில சமயம் தாமதமாக வெடிக்கும். தொழில் பழக்கம், அவர் கையை மெல்ல எடுத்துக்கொண்டு, சுவரோரமாக விலகி நின்றார்.