யாருக்கும் செலவில்லை

நிழல்தான் முதலில் அவன்மேல் விழுந்தது.

சத்தம் இன்னும் வரவில்லை.

சத்தம் பிந்தித்தான் வரும். குண்டு போடும் கிபிர் விமானம் அப்படித்தான். சத்தத்தைக் கேட்ட பிறகு ஓடியவர்கள் பங்கர் வாசலை எட்டியதில்லை.

பக்கத்தில் இருந்த சின்னக் கையைப் பற்றி இழுத்தான். பிள்ளையைக் கீழே கிடத்தி, மேலே கவிழ்ந்து படுத்தான்.

"வாயைத் திற! துளசி, வாயைத் திற!"

வாய் திறந்திருந்தால் காது கிழியாது. வன்னியில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் அது தெரியும்.

பிறகு சத்தம் வந்தது.

சிமெந்துத் தரை நெஞ்சுக்குள் அதிர்ந்தது. பற்கள் அதிர்ந்தன. கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் குண்டுக்காகக் காத்திருந்தான்.

குண்டு விழவில்லை.

கைதட்டல் கேட்டது.

ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள். விசிலடித்தார்கள்.

கண்ணைத் திறந்தான்.

டொரொன்டோ. பேஸ்போல் மைதானம். கனடா தினம். தேசிய கீதம் முடியும்போது போர்விமானங்கள் மைதானத்துக்கு மேலாகப் பறந்துபோகும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். அவன் கவனிக்கவில்லை. மகள் ஆசைப்பட்டாள் என்று டிக்கெட் எடுத்தவன், அவ்வளவுதான்.

மகள் ஆரணி நின்றுகொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. அவன் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டவள். வானத்தைப் படம்பிடித்த போன் கையில் அப்படியே இருக்க, குனிந்து அவனைப் பார்த்தாள்.

அப்படியென்றால் அவனுக்கு அடியில் கிடப்பது யார்?

மெல்லக் கையை ஊன்றி நிமிர்ந்தான்.

மஞ்சள் முடி. முன்பின் பார்த்திராத ஒரு வெள்ளைக்காரச் சிறுமி. அடுத்த இருக்கையில் தகப்பனோடு பொப்கோர்ன் தின்றுகொண்டிருந்தவள்.

அவள் அழவில்லை.

வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

தமிழில் ஒரு சொல்லும் தெரியாத பிள்ளை. முன்பல் விழுந்த இடைவெளி தெரிய, அகலத் திறந்தபடி, அவன் முகத்தையே பார்த்துக் கிடந்தாள்.

அவன் சட்டையில் சிவப்பு.

அவள் கன்னத்திலும் சிவப்பு. எங்கே பட்டது? அவள் தலையைத் தடவினான். கழுத்தைத் தடவினான். விலாவைத் தடவினான். காயம் எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை.

பிள்ளையின் தகப்பன் அவனைப் பிடித்துத் தள்ளினான்.

"என் மகளை என்ன செய்கிறாய்?"

முன்வரிசைகள் திரும்பின. காவலாளி ஒருவன் படியிறங்கி ஓடிவந்தான்.

அதற்குள் இவன் முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தியிருந்தான். அப்படி இருக்கும்படி யாரும் சொல்லவில்லை.

ஆரணிதான் குறுக்கே வந்தாள். அவளுடைய ஆங்கிலம் நடுங்கியது. அப்பா இலங்கையில் யுத்தத்துக்குள் வளர்ந்தவர் என்றாள். உங்கள் மகளைக் காப்பாற்றத்தான் பார்த்தார் என்றாள். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

தகப்பன் மகளைத் தூக்கிக் கன்னத்தைத் துடைத்தான். சிவப்பு அவன் விரலோடு வந்தது. சாயம். நுழைவாயிலில் பிள்ளைகளுக்கு வரைந்துவிட்ட மேப்பிள் இலை.

"வாயை மூடு, செல்லம். முடிந்துவிட்டது."

அவள் மூடவில்லை. தகப்பனின் தோளுக்கு மேலாக இவனையே பார்த்தாள்.

"இனி மூடலாம்," என்றான் இவன், தமிழில்.

மூடினாள்.

தகப்பனின் முகம் வெளிறியது. பிறகு என்ன நினைத்தானோ, காவலாளியைப் போகச் சொன்னான். மகளைத் தனக்கு மறுபக்கம் உட்காரவைத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலை இவனிடம் நீட்டினான். குரல் தணிந்திருந்தது.

"பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் விமானங்கள்தான். எப்படியும் அவர்கள் பயிற்சிக்குப் பறந்தே ஆகவேண்டும். இன்றைக்கு அதை இங்கே செய்தார்கள். யாருக்கும் செலவில்லை."

அவன் தலையாட்டினான். தண்ணீரைக் குடித்தான்.

ஆட்டம் தொடங்கியது.

அவன் பந்தைப் பார்க்கவில்லை. கிபிர் முதல் தடவை வருவது பார்த்துவிட்டுப் போக. திரும்பி வரும்போதுதான் குண்டு போடும்.

கூரை விலகியிருந்த அந்தத் துண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆரணி போனில் எடுத்ததை ஓடவிட்டாள். தேசிய கீதத்தின் கடைசி வரி. வெறும் வானம். விமானங்களின் சத்தம் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு கத்தல்.

வாயைத் திற. துளசி, வாயைத் திற.

அவள் நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள். போனைக் காதோடு வைத்துக் கேட்டாள்.

அது அப்பாவின் குரல் இல்லை. இன்னும் உடையாத குரல். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனின் குரல்.

"அப்பா, ஆர் துளசி?"

அவன் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன்ர மாமி. என்ர தங்கச்சி."

"எனக்கு மாமி இருக்கிறாவா? நீங்கள் சொல்லவே இல்லை. என்ன வயசு அவவுக்கு?"

"ஏழு."

மைதானத்தில் யாரோ பந்தை ஓங்கி அடித்தார்கள். எல்லோரும் எழுந்து கூச்சலிட்டார்கள். அந்த வரிசையில் இரண்டு பேர் மட்டும் எழவில்லை.

ஆரணி போனை அணைத்தாள்.

பிறகு அவளும் அண்ணாந்து பார்த்தாள்.