பொய் சொல்லும் வாட்ச்

"எழுநூத்தி இருபது! இன்னும் முப்பது கலோரி பாக்கி. நிக்காத அண்ணா, ஏறு!"

கட்டிலில் சாய்ந்தபடி போனைப் பார்த்துக் கத்தினாள் தங்கை. அண்ணன் கையில் கட்டியிருந்த வாட்ச், அவன் எரிக்கிற கலோரியையெல்லாம் உடனுக்குடன் இவள் போனுக்கு அனுப்பிவிடும். ஏமாற்ற வழியே இல்லை.

தான் கட்டிலை விட்டு இறங்காமல் கூடப் பிறந்தவனை ஓட ஓட விரட்டுகிற மகராசி! அக்கம்பக்கத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அண்ணன் பஸ் டிரைவர். பத்து வருஷமாக உட்கார்ந்தே வேலை, தொப்பை வராமல் என்ன செய்யும்? மூச்சு இரைக்க இரைக்க மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான், பாவம்.

அவளும் சும்மா படுத்திருக்கவில்லை. கல்லீரல் கெட்டு ஆறு மாதம் ஆகிறது. கண்ணெல்லாம் மஞ்சள், காலெல்லாம் வீக்கம். அண்ணனுடைய கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தால் பிழைப்பாள், வேறு யாருடையதும் பொருந்தவில்லை.

"கொடுக்கறவங்களுக்கும் ஆபத்து உண்டு. யோசிச்சுக்கங்க" என்றார் டாக்டர். அண்ணன் யோசிக்கவே இல்லை, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆனால் அண்ணன் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. "எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. ரெண்டு மாசம்தான் டைம். அதுக்கு மேல உங்க தங்கச்சி உடம்பு தாங்காது" என்று அனுப்பிவிட்டார்.

இதோ, நாளையோடு அந்த இரண்டு மாசம் முடிகிறது. தினமும் எழுநூற்று ஐம்பது கலோரி எரிந்ததாக வாட்ச் சத்தியம் பண்ணுகிறது. எடை மட்டும் தொண்ணூறை விட்டு அசைவேனா என்கிறது.

"உண்மையச் சொல்லு, டிப்போ கேன்டீன்ல திருட்டுத்தனமா திங்கறியா?" என்று போன வாரம் கேட்டே விட்டாள்.

"உன்மேல சத்தியமா இல்லடி. வீட்டுச் சாப்பாட்டத் தவிர வேற எதையும் தொடல" என்றான் அண்ணன். இரண்டு பாதத்திலும் கொப்புளம். அதைப் பார்த்தும் அவளுக்கு மனசு இளகவில்லை, உயிர்ப் பயம் அப்படி.

சந்தேகம் அண்ணி மேல் திரும்பியது. புருஷன் வயிற்றைக் கிழிக்க எந்தப் பெண்டாட்டிக்குத்தான் மனசு வரும்? "இனிமே டிபன் பாக்ஸ நீங்க தொட வேணாம் அண்ணி, எல்லாத்தையும் அம்மாவே பாத்துக்கட்டும்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். அண்ணிக்குக் கண் கலங்கியது.

அம்மாதான் சமாதானம் செய்தாள். "யாரையும் திட்டாதடி. அந்த வாட்ச்தான் பொய் சொல்லுது." அந்த வீட்டில் கேரட்டைக்கூட கிராம் கணக்கில் நிறுத்து வேகவைப்பவள் அவள்தானே, அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் பெண்ணும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாள். "வாட்ச் நாடித்துடிப்ப ஓரளவு சரியா எண்ணும். கலோரி வெறும் உத்தேசம்தாங்க. ஒரே நடைக்கு ஒரு வாட்ச் முந்நூறு காட்டும், இன்னொண்ணு ஐந்நூறு காட்டும்."

"பாத்தியா, நான் சொல்லல?" என்றாள் அம்மா.

"இருங்கம்மா, நான் முடிக்கல. அது காட்டறதுல பாதியக் கழிச்சிட்டாகூட, நான் எழுதிக் குடுத்த சாப்பாட்டுக்கு எடை இறங்கியிருக்கணும். அதான் எனக்குப் புரியல."

தங்கை அந்தப் பின்பாதியைக் காதில் வாங்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணனை இரண்டு மடங்கு ஓடவிட்டாள். அவனும் ஓடினான்.

இன்று கடைசி நாள். சாயங்கால வெயில் ஜன்னலில் இறங்கும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இன்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டால் அரைக்கிலோவாவது குறையுமே! டாக்டரின் காலில் விழுந்து இன்னும் ஒரு வாரம் கேட்கலாம். அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்கு நடந்தாள்.

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் இவள் வந்தது அம்மாவுக்குக் கேட்கவில்லை. வேகவைத்த கேரட்டும் முட்டைக்கோஸும் அரைபட்டுக்கொண்டிருந்தன. அம்மா மிக்ஸியை நிறுத்தி மூடியைத் திறந்தாள். அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு வெண்ணெய்க் கட்டியை எடுத்தாள். அதில் பாதியை வெட்டி ஜாரில் போட்டு மறுபடி ஓடவிட்டாள். பிறகு அதைச் சூப்போடு கலந்து, அண்ணனின் பெரிய கோப்பையில் ஊற்றினாள்.

தங்கை வாசலில் நின்றபடியே கேட்டாள். "யாருக்கும்மா அது?"

அம்மா திரும்பினாள். திடுக்கிடவில்லை. வெண்ணெயை மறைக்கவும் இல்லை. வெளியே அண்ணன் படியேறுகிற சத்தம் தொம் தொம்மென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எடை பாக்கறாங்க. அவன் எடை இறங்கலன்னா நான் செத்துடுவேம்மா!"

அம்மா அவளை அணைத்து, தலையைக் கோதிவிட்டாள். அம்மாவின் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"தெரியும்டி. எனக்கு ஒரு பிள்ளையாவது மிஞ்சணுமில்ல?"