நாலாவது பாட்டில்

"இது பத்தாதுங்க."

மனைவி பாட்டிலை மூக்கிலிருந்து விலக்கி மேஜைமேல் வைத்தாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்குச் சுர்ரென்று ஏறியது. இது மூன்றாவது பாட்டில்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். குழந்தைக்குக் கொசுவத்திப் புகை கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாடித் தொட்டிகளில் இருந்த புதினாவையும் துளசியையும் எலுமிச்சைப் புல்லையும் பறித்து, இடித்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, கொசுவிரட்டித் தைலம் தயாரிக்க ஒரு வாரமாக அவர் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் காதிலேயே போட்டுக்கொண்டிருக்க மாட்டார். இவள் இருபது வருஷமாகச் சோப்புத் தொழிற்சாலையில் மணம் பார்ப்பவள். அவள் முகர்ந்து தலையாட்டினால்தான் அங்கே சோப்பு பெட்டிக்குள் போகும்.

"முதல் பாட்டிலுக்கும் இதையேதான் சொன்ன. ரெண்டு மடங்கு இலை போட்டேன். இன்னும் என்னதான் பண்ணச் சொல்ற?"

"இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கணுங்க. கொசு ஓட வேணாமா?"

வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "சார், என்னத்தக் காய்ச்சுறீங்க? நெடி தாங்கல. எங்க வீட்டுல ஒருத்தரும் சாப்பிட உட்கார முடியல!"

அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டுத் திரும்பினால், சமையலறையிலிருந்து தீய்ந்த வாடை.

"பால் அடிப்பிடிக்குது பாரு!" என்று கத்தினார். அடுப்புக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், பதறிப்போய் அடுப்பை அணைத்தாள்.

"என் பாட்டில்ல குறை கண்டுபிடிக்கிற கவனத்த அடுப்புல வை."

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடி வெங்காயம் நறுக்கினாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தான் ஓய்வுபெற்றதிலிருந்து, வீட்டில் எது செய்தாலும் இவளுக்கு இளக்காரம்தான். தொட்டிகளில் வெறும் காம்புதான் மிச்சம். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று குளியலறைக்குள் போனவர், அங்கிருந்த பச்சை ஃபினாயிலைப் புதுப் பாட்டிலில் ஊற்றி எடுத்துவந்தார்.

"இந்தா, நாலாவது. இதுக்கு மேல என்னால முடியாது."

அவள் கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தாள். "ம்... இது தேவலை. புதினாவ மட்டும் இன்னும் ஒரு கைப்பிடி சேருங்க."

"மாட்டிக்கிட்டியா!" அவர் மேஜையில் ஓங்கித் தட்டினார். "புதினாவாம் புதினா! சுத்தமான ஃபினாயில்டி அது! நான் எதக் கொண்டுவந்தாலும் நொட்டை சொல்றதுன்னே முடிவு பண்ணிட்ட, அதானே?"

சண்டைக்கு வருவாள், இல்லாவிட்டால் சிரித்து மழுப்புவாள் என்று எதிர்பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை. அவள் பாட்டிலை மறுபடி மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தாள். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தாள்.

வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க... ரெண்டு மாசமா எனக்கு எந்த வாசமும் தெரியல."